நான் வரும்வரை இறங்காதே

கன்னியம்மா நெஞ்சுவலியில் சாகவில்லை. வெயிலில் செத்தார். அந்த வெயிலில் அவரை நிற்க வைத்தவன் நான்.

மாகறலில் எனக்குக் கொஞ்சம் கழனி உண்டு. வீடு சின்ன காஞ்சிபுரத்தில். பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான் என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்... அது பின்னால் தேவைப்படும்.

சொர்ணவாரிப் பட்டத்து நெல்லுக்குக் களையெடுக்கும் நேரம், கத்திரி வெயில். களையெடுக்க வந்த முதல் நாளே கன்னியம்மா கேட்டார். அறுபத்தெட்டு வயது, என்னைவிட மூத்தவர். அவரை நான் ‘நீ’ என்றுதான் கூப்பிடுவேன்.

“வெடியக்காலம் அஞ்சரைக்கே எறங்கிட்டு, பத்துக்குள்ள கரையேறிடறோம் சாமி. முன்ன மாதிரி வெயில் இல்ல. எங்களால தாங்க முடியல.”

நியாயமான கோரிக்கைதானே? நான் மறுத்தேன்.

ஏன் தெரியுமா? காலையில் கோயிலில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் எனக்கு இடம் உண்டு. அது முடிந்து, பிரசாதம் வாங்கி, வண்டியை எடுத்து மாகறல் போய்ச் சேர ஒன்பதரை ஆகிவிடும். நான் வரும்வரை யாரும் கழனியில் இறங்கக் கூடாது என்றேன். கண்காணிப்பு இல்லாவிட்டால் களை என்று நெல்லையும் பிடுங்கிவிடுவார்களாம்! நாற்பது வருஷம் களையெடுத்த கை அது. எனக்கோ இளம் பயிரில் எது நெல், எது புல் என்று இன்றுவரை தெரியாது. வெட்கக்கேடு!

ஆகவே ஒன்பதரைக்கு இறங்கினார்கள். நான் மோட்டார் கொட்டகை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். மூன்றாம் நாள், பன்னிரண்டரை மணி இருக்கும். மற்ற பெண்கள் முன்னே போய்விட, கன்னியம்மா மட்டும் பின்தங்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பருகே வந்து நின்றார். முகம் காய்ந்து சிவந்திருந்தது.

“வேர்வையே நின்னுபோச்சு சாமி. ஒடம்பு மட்டும் கொதிச்சிக்கினே இருக்குது.”

முப்பது வருஷம் நான் நடத்திய பாடம் அது! வியர்வை ஆவியாகித்தான் உடல் குளிரும் என்று கரும்பலகையில் படம் போட்டவன் நான். வியர்வை நின்றால் என்ன பொருள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும்... ஆனால் அது பரீட்சைக்கு மட்டுமே தெரிந்த விஷயமாக இருந்தது. எதிரில் ஒரு கிழவி நின்று சொன்னபோது காதில் ஏறவில்லை.

“வேர்வை நின்னா நல்லதுதானே. இன்னும் கொஞ்சந்தான், முடிச்சுடு” என்றேன்.

அவர் திரும்பிப் போய்க் குனிந்தார். கால் மணி நேரத்தில் சேற்றில் முகம் குப்புற விழுந்தார். தூக்கினபோது தோல் அடுப்புக்கல் போலச் சுட்டது. ஆட்டோவில் போகும் வழியிலேயே மூச்சு அடங்கியது.

கேட்டவர்களிடமெல்லாம் முந்திக்கொண்டு சொன்னேன்: நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார் என்று. நெஞ்சை அவர் பிடிக்கவே இல்லை! வாத்தியார் சொன்னால் யார் மறுத்துப் பேசுவார்கள்? முன்னே போன பெண்கள் கூட நான் சொன்னதையே ஊரில் சொன்னார்கள்.

காரியம் முடிந்து அவருடைய மகள் செல்வி கழனிக்கு வந்தாள். அழுது ஓய்ந்த முகம். என் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. ஆட்டோ பிடித்து ஓடினீர்களே என்று கும்பிட்டாள். ஐயோ, அந்தக் கும்பிடு!

பிறகு மெதுவாகக் கேட்டாள்.

“எங்கம்மா கடைசியா எதுனா சொல்லிச்சா சாமி?”

என் வாயில் அந்த வார்த்தைகள் அப்படியே இருந்தன... சொல்லியிருக்கலாம். “ஒண்ணும் சொல்லலம்மா” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு வரப்போடு நடந்து போனாள். தாயின் கடைசிப் பேச்சையும் நானே வைத்துக்கொண்டேன். முன்பின் தெரியாத உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செல்வியின் வீட்டு வாசலை வாரத்துக்கு இரண்டு முறை வண்டியில் கடக்கிறேன். இன்றும் கடந்தேன். நிறுத்தவில்லை.