சவுல் ராஜாவும் மெர்சியின் துண்டும்

எலுமிச்சை சோப்பு வாசம் வந்தாலே புக்கிட் பாத்தோக்கில் மெர்சி வீட்டுச் சமையலறைதான் எனக்கு ஞாபகம் வரும்...

அப்போது எனக்கு ஜூரோங்கில் வேலை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிஃபார்மோடு நேரே அங்கே போய்விடுவேன். மெர்சியின் அப்பாதான் எங்கள் ஜெபக்குழுவை நடத்தினார். பாட்டு, ஜெபம், வேதபாடம், கடைசியில் யாராவது தேக்கா மார்க்கெட்டிலிருந்து வாங்கிவந்த வடை. எங்களில் பலருக்கு இந்த ஊரில் வேறு சொந்தம் கிடையாது.

அந்த வாரம் சவுல் ராஜாவின் கதை. ராஜாவாகத் தேர்ந்தெடுத்த அன்றைக்கு ஆளைக் காணோம். தேடிப் பார்த்தால் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கிறார்! அவ்வளவு உயரமான மனிதர்... விழுந்து விழுந்து சிரித்தோம்.

பாடம் முடிந்ததும் அங்கிள் சொன்னார்: "கம்பெனில என்னைக் கடல் தாண்டி பாத்தாம் தீவுக்கு மாத்திட்டாங்க. இனிமே யாராவது லீட் பண்ணணும். இல்லன்னா குழுவ மூட வேண்டியதுதான்."

எல்லோரும் மெர்சியைப் பார்த்தோம். மெர்சி என்னைக் கை காட்டினாள்.

நானா? ஞானஸ்நானம் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. காலி கப்புகளை அள்ளிக்கொண்டு சமையலறைக்குள் போனவள், கழுவின கப்பையே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

மெர்சி துண்டோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"சவுல் ராஜா இங்கதான் ஒளிஞ்சிருக்கீங்களா?"

"விளையாடாத லா. உங்க அப்பா நடத்துன குழு. நீதானே எடுக்கணும்?"

"யோனத்தான்கூட சவுல் ராஜாவோட மகன்தான். பட்டம் தனக்குத்தான்னு நினைக்காம, தன் சால்வையக் கழட்டி தாவீதுக்குக் குடுக்கலையா? புதுசா யார் வந்தாலும் நீதான் போய் பக்கத்துல உக்கார்ற. நீயே நடத்து, நான் கூட இருக்கேன்."

அடுத்த வெள்ளி என் ஜெபம் பாதியிலேயே நின்றுபோனது. மெர்சி மெதுவாக ஒரு பாட்டை எடுத்தாள். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்... குழு பிழைத்தது. சவுலைக் கெடுத்தது தாவீதின் மேல் வந்த பொறாமை. மெர்சியிடம் அது துளிகூட இல்லை. அவளுக்கு நான் எப்படி நன்றி சொல்லி முடிப்பேன்?

இப்போது அவள் ஆஸ்திரேலியாவில். வாய்ஸ் மெசேஜில் இன்னும் "சவுல்" என்றுதான் கூப்பிடுகிறாள். குழு சுவா சூ காங்கில் எங்கள் வீட்டில் கூடுகிறது. ஜெராக்ஸ் பாட்டுத்தாள் போய், எல்லார் கையிலும் போன்.

போன வெள்ளி, இனி கவிதா நடத்தட்டும் என்றேன். புதிதாகச் சேர்ந்த நர்ஸ் அவள். என் மகள் பெயரைத்தான் சொல்வேன் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மகளும் நினைத்திருப்பாள்... அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கவிதா கப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். குழாய்ச் சத்தம் நிற்கவே இல்லை.

நான் எழுந்திருப்பதற்குள் மகள் எழுந்துவிட்டாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.