ஒரு விரல் கூடிய ஐந்து கண்ணாடிகள்

கெலிஓயா ஊர்க்காரரான எஸ்ரன் இருபத்திரண்டு ஆண்டுகளாக அலுமினிய யன்னல் பொருத்துபவர். மலைச்சரிவு வீடுகளில் அவர் அடைத்த யன்னல் எதுவும் மழைக்கு வழிவிட்டதில்லை. பழையவற்றை ஒரே நாளில் கழற்றி, திறப்புகளைத் தகரத்தால் மறைத்து, கழற்றிய கண்ணாடியைப் படுக்கவைத்து அதன் விளிம்பையே அளவாக வரைந்துகொள்வது அவர் முறை.

அந்த ஐப்பசியில் அவர் கைக்கு வந்தது வீடன்று. நஸீப் ஹாஜியார் திருகோணமலையில் வாங்கிய பழைய உல்லாசப் படகொன்று, தெல்தெனியவில் நீர்த்தேக்கத்துக்கு அருகே மரக்கட்டைகளின் மேல் நின்றது. விரிசலோடிய அதன் ஐந்து யன்னல்களை மாற்றித் தருவதாக எஸ்ரன் சொல் கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வரும் வெள்ளிக்கிழமை எஸ்ரன் கட்டாருக்குப் புறப்படவேண்டும். ஈராண்டு காத்திருந்து முகவர் ஒருவர் மூலம் பெற்ற வேலை. தவறினால் அவ்விடம் வேறொருவருக்குப் போய்விடும். இன்னும் பதினைந்து நாள் உண்டு என்ற துணிவில் முதல் நாளே ஐந்தையும் கழற்றினார்.

கொழும்பிலே படகுப் பொருள் விற்போர் ஆறு வாரத் தவணையும், ஹாஜியார் எண்ணியதைப் போல் மும்மடங்கு விலையும் கூறினர். கண்டியில் பெயர்ப்பலகை செய்வோரிடம் இருந்த பிளாஸ்டிக் தகடோ கைபட்டால் வளைந்தது. அதற்குள் நீர்த்தேக்கக் காற்று, திறப்புகளை மூடியிருந்த தார்ப்பாயை இருமுறை கிழித்தது. படகின் உள்ளே மரத்தளம் மழைநீரில் ஊறிக் கருத்தது. எஸ்ரன் காலையில் நீரை இறைத்தார்; மாலையில் வானத்தைப் பார்த்தார்.

இறுதியில் விடை தம் ஊரிலேயே கிடைத்தது. பஸ்களுக்கு உடல் கட்டும் பஹீம், சூடேற்றி உறுதியாக்கிய கண்ணாடியும் அதை இறுகப் பிடிக்கும் றப்பரும் மலிவாகத் தர இசைந்தார்.

"பஸ்ஸுல போட்டா கொண்டக்டர் தலைய வெளிய நீட்டுவான். கப்பல்ல ஆரு நீட்டுற?" என்றார் பஹீம்.

"மீன் ஏறவான்னு கேக்கும், நானா," என்றார் எஸ்ரன்.

புதன்கிழமை கண்ணாடிகள் வந்தன. முதலாவதைத் திறப்பில் வைத்த எஸ்ரனின் கை அங்கேயே நின்றது. சுற்றிலும் ஒரு விரல் அதிகம். பழைய தகடுகள் திறப்புக்குள் இருந்தவையல்ல. வெளியே மேல்படியவைத்துத் திருகப்பட்டவை. றப்பரில் அமரும் கண்ணாடியோ திறப்பைவிடச் சிறியதாக இருக்கவேண்டும். வீட்டுப் பழக்கத்தில் அவர் தகட்டின் விளிம்பை வரைந்திருந்தார்.

தொலைபேசியில் பஹீமை அழைத்தார். "நானா, ஓரத்த கொஞ்சம் வெட்டித் தருவீங்களா?"

"வெட்டேலாது தம்பி. ஓட்ட போடவும் ஏலாது. தொட்டா உப்பு மாதிரி கொட்டிரும். புதுசா செய்ய இன்னும் ஒரு கெழம."

இனிக் கண்ணாடி சிறுக்காது, திறப்பைத்தான் பெருக்கவேண்டும். படகின் உடலை அறுத்தால் மீட்க வழியில்லை. அன்று மாலை ஹாஜியார் வந்ததும் எஸ்ரன் பிழையை மறைக்காமல் சொன்னார்.

ஹாஜியார் ஊறிய தளத்தைச் செருப்பால் அழுத்தினார். நீர் கசிந்தது.

"அறுக்கிறதுன்னா அறுங்க. ஆனா அஞ்சையும் போட்டு, தண்ணி ஊத்திப் பாத்துட்டுத்தான் நீங்க போகணும். வேற ஆள் இத தொடமாட்டான்."

"நாலு நாள் புடிக்கும், ஹாஜியார். வெள்ளிக்கிழம எனக்கு பயணம்."

"நான் ஒங்கள கட்டிப்போடல்ல, எஸ்ரன்."

அச்சொல்தான் அவரைக் கட்டியது. ஏசாமல், மிரட்டாமல், போகலாமென்று விட்ட மனிதரை ஐந்து ஓட்டைகளோடு விட்டுச்செல்ல அவரால் இயலவில்லை.

வியாழன் காலை முதல் திறப்பை அறுத்தார். கண்ணாடியிழையாலான படகுடலின் நார்த்தூசு கழுத்திலும் இமையிலும் ஒட்டித் தினவெடுத்தது. நண்பகலில் றப்பர் கண்ணாடியைக் கவ்வியது. வாளி வாளியாக நீர் ஊற்றியும் உட்புறம் உலர்ந்திருந்தது. அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை. இன்னும் நான்கு இருந்தன.

முகவரின் அழைப்பு வந்தது. "நாளைக்கு எத்தன மணிக்கு கட்டுநாயக்க எயார்போட்டுக்கு வாறீங்க?"

எஸ்ரன் முகத்துணியை இறக்கினார். "நான் வரல்ல, சேர். ஆள மாத்துங்க."

மறுமுனையில் கேள்வி தொடர்ந்தது. அவர் கேட்டு முடித்து, மீண்டும் அதையே சொன்னார். பின்பு முகத்துணியை ஏற்றிக்கொண்டு படகுக்குள் இறங்கி, இரண்டாம் திறப்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு கிழித்தார்.