மாமா கடை ஒத்தாசை

பெரம்பலூரில் பிள்ளைகளை வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் நான் சீனியர் கவுன்சலர். இங்கே புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள் முதல் நாளே கேட்பார்கள்: "மேடம், நீங்க அமெரிக்கா போயிருக்கீங்களா?" போனதில்லை. இரண்டு முறை விசா ரிஜெக்ட். அந்த எரிச்சலோடுதான் இத்தனை வருஷமாக ஊரார் பிள்ளைகளை ஃபிளைட் ஏற்றிவிடுகிறேன்.

என் வயிற்றெரிச்சலை அதிகம் வாங்கிக்கொண்டவள் கயல்விழி. ஆண்டிமடம் பக்கம் முந்திரிக்காட்டுக் குடும்பம். என்னைவிட மார்க் குறைவு. விசா இன்டர்வியூவுக்கு அவளைப் பேசப் பழக்கியதே நான்தான். விசா கிடைத்ததும் ஸ்வீட் பாக்ஸோடு வந்தாள். ஒரு மைசூர்பாகை எடுத்து ஓரத்தைக் கடித்துவிட்டு, மீதியை மேஜை டிராயரில் போட்டேன்.

அவள் அமெரிக்கா போய் செமஸ்டர் தொடங்கிய சமயம், அவளுடைய அப்பா ஆபீஸுக்கு வந்தார். கயலின் தாய்மாமன் அங்கே மளிகைக்கடை வைத்திருக்கிறார். அவர் வீட்டில்தான் அவள் தங்கியிருந்தாள்.

"சனிக்கிழமையிலேர்ந்து மச்சான் கடையில நிக்கப்போறா மேடம்," என்றார் பெருமையாக.

"வேண்டாங்க. ஸ்டூடண்ட் விசால போனவ, அனுமதி இல்லாம கேம்பஸுக்கு வெளிய வேலை பாக்கக் கூடாது. அங்க தங்கிப் படிக்கிற ஸ்டேட்டஸே போயிடும். படிப்ப பாதியில விட்டுட்டு வர வேண்டியதாயிடும்."

"வேலை எங்கங்க? சும்மா ஒத்தாசை. சம்பளமெல்லாம் கெடையாது."

"சோறும் தங்க இடமும் குடுக்குறாருல்ல, அதையே சம்பளம்னு எடுத்துக்குவாங்க."

கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுவதும் நமக்கு ஒத்தாசைதான், மாமா கடைக் கல்லாவில் உட்காருவதும் ஒத்தாசைதான். அதற்கு யார் பர்மிஷன் கேட்கிறார்கள்? எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், அவர் காதில் ஏறவில்லை. முகம் மாறிவிட்டது.

"ஒங்களுக்கு விசா கெடைக்கல. எம்பொண்ணு போயிட்டா. அந்தப் பொறாமையில பேசுறீங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் சொன்னது பொய்யுமில்லை. சரி, அவர் பெண், அவர் மச்சான். நிற்கட்டும், பிடித்துத் திருப்பி அனுப்பட்டும், எனக்கென்ன? அப்படி நினைத்தபோது மனதுக்கு இதமாகத்தான் இருந்தது. அவள் பெட்டியோடு ஆண்டிமடம் பஸ்ஸிலிருந்து இறங்குவதைக்கூட ஒரு தடவை நினைத்துப் பார்த்துக்கொண்டேன். பிறகு அவளுக்கு போன் போட்டேன்.

"நான் சொல்றத நம்ப வேணாம். ஒங்க யூனிவர்சிட்டி இன்டர்நேஷனல் ஆபீஸ்ல போய்க் கேளு. கடையில நிக்கிறதுக்கு முன்னாடி கேளு," என்றேன்.

"அக்கா, ஒங்களுக்கு எம்மேல பொறாமைன்னு அப்பா சொன்னாரு. நெசமா?"

"ஆமா. நீ ஸ்வீட் பாக்ஸோட வந்ததிலேர்ந்தே."

சிரித்துவிட்டாள். "அதையே மறைக்கல நீங்க. அப்ப இதுவும் பொய்யா இருக்காது. நாளைக்கே போய்க் கேக்குறேன்."

கேட்டாள். கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவள் கடைக்குப் போகவில்லை என்றதும் மாமா வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. சிநேகிதிகளோடு வேறு ரூமுக்கு மாறினாள். பிறகு அதே இன்டர்நேஷனல் ஆபீஸில் கேட்டுக்கொண்டு கேம்பஸ் லைப்ரரியில் பகுதிநேர வேலையில் சேர்ந்தாள். ஸ்டேட்டஸுக்கு ஒரு குறையும் வரவில்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் பொறாமை வரும். வராத மாதிரி நடிக்காதீர்கள். ரூல்ஸை மட்டும் உள்ளது உள்ளபடி சொல்லிவிடுங்கள்.

பட்டம் வாங்கிய அன்று கறுப்பு அங்கியோடு கயல் வீடியோ காலில் வந்தாள்.

"சந்தோஷமாக்கா?"

"வயிறு எரியுதுடி. கேமராவ கொஞ்சம் அந்தாண்ட திருப்பு. பின்னாடி இருக்குற கட்டடத்த நல்லாப் பாக்கணும்."