கையைப் பின்னால் கட்டச் சொன்னவர்

என் கணவர் உயிரைத் துச்சமாக நினைத்து இன்னொருவரைக் காப்பாற்றினார் என்று ஊரே பேசுகிறது. ஊருக்கென்ன, பேசிவிட்டுப் போகும். அவரோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். எங்கள் கல்யாண மண்டபத்தில் என்னைப் பார்ப்பதற்கு முன்னால், தீப்பிடித்தால் வெளியே ஓட எத்தனை கதவு இருக்கிறது என்று பார்த்த மனிதர் அவர். வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் அவர் ஸ்டூலில் ஏறுவார், நான் ஸ்டூலைப் பிடிக்க வேண்டும், மகள் என்னைப் பிடிக்க வேண்டும். நான் அடுப்பை அணைத்த பிறகு அவர் வந்து ஒருமுறை அணைப்பார். அணைந்த அடுப்பை எப்படி அணைப்பது என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் வகுப்பு ஆரம்பமாகிவிடும்.

வகுப்பு எடுப்பதுதான் அவருக்குப் பிழைப்பு. பழச்சாறு தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி. அதிகாரி என்றதும் குளுகுளு அறையும் சுழலும் நாற்காலியும் என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்டோர் ரூம் ஓரத்தில் ஒரு மேஜை, அதன்மேல் யாரும் போட்டுக்கொள்ளாத ஹெல்மெட்டுகள், அவ்வளவுதான் ராஜ்யம். தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘ஜாக்கிரதை’. அவர் தலை தெரிந்ததும், “டேய், ஜாக்கிரதை வருது, பூட்ஸை மாட்டு” என்பார்களாம். இதையும் அவரே வந்து என்னிடம் சொல்லி வருத்தப்படுவார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு சோறு போடுவேன்.

தொழிற்சாலைக்குப் பின்னால் மூடி போட்ட ஆழமான தொட்டி ஒன்று உண்டு. தோல், சக்கை, கழுவிய தண்ணீர் எல்லாம் அதில்தான் போய்ச் சேரும். சக்கை அழுகினால் உள்ளே நல்ல காற்று இருக்காது. இறங்கியவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். அந்த இரண்டு பேரையும் தூக்க மூன்றாவதாக ஒரு புண்ணியவான் கிளம்புவான். டிக்கெட் எடுத்த மாதிரி வரிசையாகப் போய்க்கொண்டே இருப்பார்கள். இதைத் தடுக்க என் கணவர் ஒரு பாடம் வைத்திருந்தார். வாராவாரம் தொட்டியைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தி அதை ஒப்பிக்க வைப்பார்.

“உள்ள ஒருத்தன் விழுந்துட்டான். என்ன செய்யணும்?”

“கையைப் பின்னால கட்டணும். ரெண்டடி பின்னால போகணும். கத்தணும்!”

“விரலாவது உள்ள நீட்டலாமா?”

“கூடாது சார்!”

“ஒரு பொணம் போதும். எனக்கு ரெண்டு வேண்டாம்.”

பம்பு மெக்கானிக் ஒருவன் இருந்தான். கேன்டீனில் இவரைப் போலவே பேண்ட்டை மார்பு வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, மூக்கால் இந்தப் பாடத்தை நடத்திக் காட்டுவான். கேன்டீனே உருண்டு புரளும். அவனை நினைத்தாலே என் கணவருக்குப் பற்றிக்கொண்டு வரும். “ஒரு நாள் மாட்டுவான் பாரு அவன்” என்று சொல்லிச் சொல்லியே சாப்பிடுவார்.

மாட்டினான். தொட்டிக்குள் இருந்த பம்பில் சக்கை அடைத்துக்கொண்டது. உள்ளே காற்று எப்படி இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்த பிறகுதான் இறங்க வேண்டும். “அஞ்சு நிமிஷ வேலைக்கு அவ்ளோ பெரிய ஜோசியமா?” என்று கேட்டுவிட்டு ஏணியில் இறங்கியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் ஸ்பேனர் விழுந்த சத்தம். அப்புறம் அவனே விழுந்த சத்தம்.

என் கணவர் ஓடி வந்து பார்த்தபோது தொட்டியைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோருடைய கையும் பின்னால் கட்டியிருந்தது. எல்லோரும் இரண்டடி தள்ளி நின்றார்கள். எல்லோரும் கத்தினார்கள். இத்தனை வருஷப் பாடம் ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்துகொண்டிருந்தது. எந்த வாத்தியாருக்கும் கிடைக்காத பெருமை. அதைப் பார்த்துவிட்டு இந்த வாத்தியார் செய்தது என்ன? தரை கழுவும் ரப்பர் குழாயைத் தோளில் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கிடுகிடுவென்று உள்ளே இறங்கிவிட்டார்.

மெக்கானிக்கின் அக்குளுக்கடியில் குழாயைக் கட்டிச் சுண்டினார். மேலே இருந்தவர்கள் இழுத்தார்கள். வெளியே நின்று இழுப்பதைப் பாடம் தடுக்கவில்லையே. அவன் மேலே வந்து சேர்ந்ததும் மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். என் கணவர் ஏணியில் ஏறி வந்தார். மேல் படியில் அவருக்குக் கண் இருட்டியது. ஒரு கை மட்டும் தொட்டி வாயில் தெரிந்ததாம். விரலைக்கூட உள்ளே நீட்டக் கூடாது என்று படித்த பிள்ளைகள் இன்னும் சத்தமாகக் கத்தினார்கள்.

அந்த நேரத்தில் டீ கேனைத் தூக்கிக்கொண்டு கேன்டீன் அக்கா வந்திருக்கிறாள். சமையல்காரிக்கு எதற்குத் தொட்டிப் பாடம் என்று அவளை யாரும் வகுப்புக்குக் கூப்பிட்டதே இல்லை. கேனை வைத்தாள், குப்புறப் படுத்தாள், என் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்தாள். “நிக்கிறீங்களே தடிப்பசங்களா, என் காலைப் பிடிங்கடா!” என்று போட்ட சத்தத்தில்தான் கட்டியிருந்த கைகள் எல்லாம் அவிழ்ந்தன. இன்றைக்கு என் கழுத்தில் தாலி இருக்கிறதென்றால், ஒருத்தி அந்தப் பாடத்தைப் படிக்காததால் இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்கு மேனேஜர் வந்தார். ஒரு கையில் பூங்கொத்து, இன்னொரு கையில் மெமோ. வீரத்துக்குப் பூ, விதியை மீறியதற்கு மெமோ. எதை முதலில் கொடுப்பது என்று தெரியாமல் இரண்டையும் என்னிடமே நீட்டினார்.

அப்புறம் ஆராய்ச்சியாளர்கள் வர ஆரம்பித்தார்கள். மாடி வீட்டுப் பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “மனுஷன் தன் ரத்தத்தைக் காப்பாத்தத்தான்மா உயிரைக் குடுப்பான். அது ஆதியில இருந்து வர்ற குணம்” என்றார். பம்பு மெக்கானிக்குக்கும் எங்களுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, வாய்ச்சண்டை சம்பந்தம்தான் என்றேன். உடனே குணத்தை மாற்றிக்கொண்டார். “அப்போ நாலு பேர் பாராட்டணும்னு செஞ்சிருப்பார்.” என் மச்சினர் ஒரு படி மேலே போய், “அண்ணி, அண்ணன் பிரமோஷனுக்குப் பிளான் போட்டிருக்கார்” என்றார். பிரமோஷனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் இறங்குகிறவரா என் கணவர்? ஆபீஸ் மீட்டிங்கில் வாயைத் திறந்திருந்தாலே அது எப்போதோ கிடைத்திருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு நானே கேட்டேன்.

“என்னங்க, இறங்கும்போது என்னதான் நெனச்சீங்க?”

“ஒண்ணும் நெனைக்கலம்மா.”

“என்னைக் கூடவா நெனைக்கல?”

அவர் என்னை நேராகப் பார்த்தார். “உன்னை நெனச்சிருந்தா எறங்கியிருக்க மாட்டேனே.”

அடுப்படிக்குப் போய் அழுதேன். கோபத்தில்தான் அழுதேன். மறுநாள் மெக்கானிக்கின் மனைவி கைக்குழந்தையோடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “அக்கா, உங்க வீட்டுக்காரர் எங்களுக்குத் தெய்வம்” என்று விடாமல் சொன்னாள். அந்தத் தெய்வம் ஒரு நிமிஷம் என்னை மறந்ததால்தான் உன் புருஷன் இருக்கிறான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? குழந்தை என் புடவையைப் பிடித்து இழுத்தது. அதைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வயிறும் எரிந்தது, மனசும் குளிர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால் ஒரு மனுஷி என்ன செய்வாள்?

வேலைக்குத் திரும்பும் முன்னால் ஒரே ஒரு வாக்கு கேட்டேன். “இனிமே எறங்க மாட்டேன்னு சொல்லுங்க. பொய்யாவது சொல்லுங்க, நான் நம்பிக்கிறேன்.” காய்கறிக்காரரிடம்கூட நூறு பொய் சொல்கிறவர், இதற்கு மட்டும் அரிச்சந்திரன் மாதிரி வாயை மூடிக்கொண்டார். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. அவரோ குறட்டை விட்டுத் தூங்கினார்.

அவர் வேலைக்குப் போனதும் முதல் காரியமாகத் தொட்டி மூடிக்குப் பூட்டு போட்டார். இடுப்புப் பட்டையும் கயிறும், கயிற்றைச் சுற்றி இழுக்கத் தொட்டி வாய்மேல் நிறுத்தும் மூன்று கால் இரும்புச் சட்டமும் வாங்கித் தரவேண்டும்; இறங்குகிறவன் பட்டையோடு இறங்க வேண்டும்; மயங்கினால் மேலே இருப்பவர்கள் நின்ற இடத்திலிருந்தே இழுத்துவிடலாம்; அதுவரை தொட்டி திறக்காது என்று சொல்லிவிட்டார். இத்தனை நாள் இல்லாத கயிறு இப்போது எதற்கு, நீங்கள் வைத்த பாடம்தான் நன்றாக வேலை செய்கிறதே என்று மேனேஜர் சிரித்தாராம். தொட்டி நிரம்ப நிரம்ப அந்தச் சிரிப்பு குறைந்தது. இரண்டாவது மெமோ வந்தது. வேலை போய்விடும் என்று அதில் இருந்தது. அவர் மெமோவை என்னிடம் கொடுக்கவில்லை. பூட்டின் சாவியைக் கொடுத்தார். “உள்ள வை. என்கிட்ட இருந்தா பிடுங்கிடுவாங்க.”

அன்று சாயங்காலம் மேனேஜரே வீடு தேடி வந்தார்.

“நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா. சாவியை வாங்கிக் குடுங்க. இனிமே எவனும் கருவி வைக்காம எறங்க மாட்டான், நான் பாத்துக்கிறேன். உள்ள விழப்போறவனைப் பத்தி இவருக்கு ஏன் இவ்ளோ பயம்?”

சாவி என் முந்தானையில் முடிந்திருந்தது. உள்ளே என் கணவர் அணைந்த அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்.

“உள்ள விழறவனுக்காகக் கயிறு கேக்கல சார்” என்றேன். “வெளிய நிக்கிற இவருக்காகக் கேக்கறோம். கயிறு இல்லேன்னா இவர் மறுபடியும் எறங்கிடுவார்.”