நாற்பத்தொன்றாம் நம்பர் ஷூ

நவம்பரிலும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிற ஷார்ஜாவில் இருந்துகொண்டு பனிக்கால பூட்ஸ் தேடுவது எனக்கே சிரிப்பாக இருந்தது. பத்து வருடம் முடித்த ஆபீஸ் ஆட்களை எங்கள் கம்பெனி மூன்று நாள் லெபனானுக்கு, மலைமேல் ஒரு பனிச்சறுக்கு ரிசார்ட்டுக்கு அனுப்பியது. நான் ஸ்டோர் கீப்பர். எப்படியோ ஆபீஸ் ஆளாகத் தேறிவிட்டேன். பக்கத்து ரோலா கடைத்தெருவில் பனிக்கு ஏற்ற எதுவும் இல்லாததால் துபாயில் ஒரு பெரிய மாலுக்குப் போனேன். கடையிலிருந்த பிலிப்பினோப் பெண் என்னை உட்காரவைத்து, தடித்த சாக்ஸை மாட்டச்சொல்லி, இரண்டு காலையும் தனித்தனியாக அளந்தாள். எனக்குக் கூச்சமாகப் போயிற்று. “விரல் அசைகிறதா சார்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பூட்ஸ் இறுக்குகிறதா என்று குறை கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, “பரவாயில்லை, போடப் போட விட்டுக்கொடுக்கும்” என்றேன். “நோ சார். இடம் இல்லாவிட்டால் பனியில் விரல் மரத்துப்போகும்” என்று நாலு ஜோடி மாற்றினாள். ஐந்தாவதை மாட்டும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ‘போடப் போட விட்டுக்கொடுக்கும்’ என்ற அதே வார்த்தையை நான் வேறோர் ஆளிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் கம்பெனியின் முவைலா லேபர் கேம்ப்பில் தங்கி, கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற செல்வராசு அறந்தாங்கிப் பக்கம். நான் அதிராம்பட்டினம். ஊரில் என்றால் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். இங்கே ஸ்டோர் ஜன்னலுக்கு உள்ளே நான், வெளியே அவன். இரண்டு வருடத்துக்கு முன் புது சேஃப்டி ஷூ கொடுத்த அன்றே திரும்பி வந்தான்.

“பாய், விரல் மடங்குது. கொஞ்சம் பெருசாப் பாருங்களேன்.”

“நாப்பத்தொண்ணுதான் இருக்கு. உன் சைஸ் அதுதான். போடப் போட விட்டுக்குடுக்கும். யல்லா, போ.”

பொய். மேல்தட்டில் நாற்பத்துமூன்று இருந்தது. ஏணியை இழுத்துப் போட வேண்டுமே என்ற சோம்பல், வேறொன்றுமில்லை. ஷூ முனையில் இருப்பது இரும்பு. அது யாருக்கு விட்டுக்கொடுக்கும்? பிறகொரு நாள் கேம்ப் குழாயடியில் அவன் கால் கழுவிக்கொண்டிருந்தான். இரண்டு கட்டைவிரலிலும் நகம் இல்லை. நான் பார்க்காதவன்போலப் போய்விட்டேன்.

பூட்ஸ் வாங்கிய மறுநாள் காலை ஏணி ஏறி நாற்பத்துமூன்றை எடுத்து வைத்துவிட்டு செல்வராசைக் கூப்பிட்டேன். ஸ்டோருக்கு உள்ளே, என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பயந்துவிட்டான்.

“என்ன பாய், எதும் கம்ப்ளெய்ண்டா?”

“அதெல்லாம் இல்லப்பா. இதப் போட்டுப் பாரு. விரல் அசையுதா?”

மாட்டிக்கொண்டு நாலடி நடந்தான். திரும்பி வந்து, உட்கார்ந்து, கழற்றினான்.

“லூசா இருக்கு பாய். ஒரு மாதிரியா இருக்கு. நம்ம சைஸ் நாப்பத்தொண்ணுதான, நீங்கதான சொன்னீங்க? அதுலயே ஒண்ணு குடுங்க.”

அன்று நான் சொன்னது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை. புது நாற்பத்தொன்று ஒன்றையும் எடுத்து, இரண்டு ஜோடியையும் அவன் முன்னால் வைத்தேன். பெரியதை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு, நாற்பத்தொன்றை எடுத்துக்கொண்டு டூட்டிக்குப் போனான்.

லெபனானில் கூட வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள்போல் பனியில் உருண்டார்கள். என் பூட்ஸ் கதகதப்பாக, தாராளமாக இருந்தது. எல்லாரையும் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே பத்து விரல்களையும் மடக்கி வைத்துக்கொண்டு நின்றது போட்டோவில் தெரியாது.