என் மகள் நடந்தது சகலையின் பக்கம்

என் மகள் முதன்முதலாக நடந்தபோது நான் ஷார்ஜாவில் ஒரு கிடங்கின் பின்பக்கம், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என் மனைவி அவளைச் சுவரோடு சாய்த்து நிறுத்திவிட்டு விலகினாள். எதிரே என் சகலை குத்துக்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கைகளையும் நீட்டியிருந்தார். பிள்ளை கொஞ்சம் ஆடினாள். பிறகு வெறுங்காலோடு தப்தப்பென்று அவரைப் பார்த்துப் போய், அவர் நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். வீடே கைதட்டியது. நானும் தட்டினேன். வயிறு எரிந்தது.

எங்கள் காயல்பட்டினத்தில் கல்யாணம் ஆனதும் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போவான். அப்படி ஒரே வீட்டுக்கு வந்த இரண்டு மருமகன்கள் நாங்கள். மூத்தவரை, எங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல, காக்கா என்று கூப்பிடுவேன். அவர் ஊரிலேயே கைபேசிக் கடை வைத்து இருந்துவிட்டார். நான் வளைகுடாவுக்குப் போனேன். மகள் பிறந்து அவளுக்குக் கழுத்து நிற்பதற்குள் என் விடுப்பு முடிந்துவிட்டது. சகலைக்குக் கல்யாணமாகிப் பல வருஷமாகியும் பிள்ளை இல்லை. என் மகள் அவர் தோளிலேயே வளர்ந்தாள். காலையில் கடை திறக்கப் போகும்முன் அவளைக் குளிப்பாட்டுவது யார், மத்தியானம் சோற்றைக் குழைத்து ஊட்டுவது யார் என்பதெல்லாம் எனக்குப் படங்களாக வந்துகொண்டிருந்தன. அனுப்பியவரும் அவர்தான். ஒவ்வொரு படத்துக்கும் 'மாஷா அல்லாஹ்' என்று பதில் போட்டேன்.

அவள் நடந்த வாரமே நான் ஷூ வாங்கினேன். அவள் நடையில் எனக்கும் ஏதாவது பங்கு வேண்டும் என்று இருந்தது. கடைப்பெண் அளவு கேட்டாள். என் மகளின் பாதம் எவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குக் கேட்டால் அளந்து சொல்லப்போவது சகலைதான். அதனால் கேட்கவில்லை. என் உள்ளங்கையைக் காட்டி, இதில் முக்கால் என்றேன். காலை வைத்தால் கீச்கீச்சென்று கத்தி, குதிகாலில் சிவப்பு விளக்கு எரியும் ஷூ. ஊருக்குப் போன ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டேன்.

ஷூவைப் போட்டு எனக்குக் காட்டினார்கள். பிள்ளை நடுக்கூடத்தில் நட்டுவைத்த கம்பு மாதிரி நின்றாள். காலைத் தூக்கவில்லை. நான் கூப்பிட்டேன். அவள் குனிந்து ஷூவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அப்போது ஓரத்தில் இருந்து ஒரு கை வந்து அதைக் கழற்றியது. அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும்.

"தம்பி, இது பாதத்தைப் பிடிக்கிது. விரலை மடக்கிக்கிட்டு நிக்கிறா பாருங்க. வீட்டுக்குள்ள சும்மா நடக்கட்டும்."

"காக்கா, இங்கன எல்லாப் பிள்ளையளும் ஷூ போட்டுத்தான் நடக்குது. வெறுங்கால்ல விட்டா பாதம் அகண்டு போவும்."

"அகண்டா என்ன தம்பி? நமக்கெல்லாம் அப்படித்தான இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதன்பிறகு அது எனக்கு, ஜெயித்தே ஆகவேண்டிய ஒரு வழக்காகவே ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் வணிக வளாகத்துக்குப் போய் மற்றவர்களுடைய பிள்ளைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஷூ போட்டு ஓடும் குழந்தை ஒன்று கண்ணில் பட்டால் படம் எடுத்து மனைவிக்கு அனுப்புவேன். அவள் பதிலுக்கு எங்கள் மகள் வெறுங்காலோடு கூடம் முழுக்கச் சுற்றும் காணொளியை அனுப்புவாள். அதன் முடிவில் எப்போதும் பிள்ளை அவர் மடியில் விழுவாள்.

இதற்கிடையில் அவள் பேச ஆரம்பித்தாள். ஒரு நாள் மனைவி உற்சாகமாகக் கூப்பிட்டு, "கேளுங்க, வாப்பான்னு சொல்லுதா" என்றாள். சொன்னாள்தான். ஆனால் அவள் கண் கைபேசியில் இல்லை, பக்கத்தில் இருந்தவர் மேல் இருந்தது. அவரைப் பெரியவாப்பா என்று கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். அதில் முன்பாதி அவள் வாயில் நுழையவில்லை. எனக்கு வந்திருக்க வேண்டிய சொல் அந்த வழியாக அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் விடுப்பில் வந்தபோது அவள் நன்றாகவே நடந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து, நேரே நடந்து, சகலையின் கால்களுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள்.

மூன்றாம் நாள் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவளைத் தூத்துக்குடிக்குக் குழந்தை மருத்துவரிடம் கொண்டு போனேன். லேசான சளி. ஆனால் நான் போனது ஷூவுக்காக. அதைப் பையில் வைத்திருந்தேன். மருத்துவரம்மா என் பக்கம் பேசிவிட்டால் போதும், அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகச் சாப்பிடுவேன் என்று இருந்தது. அவர் ஷூவை வாங்கி இரண்டு கையாலும் வளைத்துப் பார்த்தார். அது வளையவில்லை.

"வீட்டுக்குள்ள வெறுங்காலே நல்லது. தரையை உணர்ந்துதான் பிள்ளைங்க நடக்கப் பழகும். வெளிய போறப்ப சூடு, முள்ளு, கண்ணாடி எல்லாம் இருக்கும், அதுக்கு ஷூ வேணும். ஆனா இப்படி விறைப்பா வேண்டாம். மெத்துனு, முன்பக்கம் அகலமா வாங்குங்க."

வீட்டுக்கு வந்ததும் நான், "வெளிய போனா ஷூ கட்டாயம் போடணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றேன்.

"வீட்டுக்குள்ள போடக்கூடாதுன்னும் சொன்னாங்க" என்றாள் என் மனைவி.

சகலை பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

தூத்துக்குடியில் இருந்து வரும்போதே, காலில் போட்டுப் பார்த்து ஒரு மெத்தென்ற ஷூ வாங்கியிருந்தேன். அவள் பாதத்தை என் கையில் வைத்து, பெருவிரல் எங்கே முட்டுகிறது என்று அழுத்திப் பார்த்தேன். அந்தக் கால் அப்போதுதான் எனக்கு முதன்முதலாகப் பழக்கமானது.

அன்றிலிருந்து வாசல்படிக்கு வெளியே இருந்த எல்லாம் என்னுடையது என்று எடுத்துக்கொண்டேன். பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து வந்ததும் ஷூவை மாட்டி அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன். ஒடுக்கமான தெருக்களில் என் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். மோட்டார் சைக்கிள் வந்தால் என் காலைக் கட்டிக்கொள்வாள். கடற்கரை மணலில் ஷூவைக் கழற்றச் சொல்லி அடம்பிடிப்பாள், கழற்றிவிடுவேன். கழற்றியதைப் பற்றி வீட்டில் எதுவும் சொல்லமாட்டேன். சகலை கடையில் இருந்து சாயங்காலத்துத் தேநீருக்கு வரும் நேரம் எனக்குத் தெரியும். அதற்குள் போய்விட வேண்டும் என்று வேகமாக ஷூவை மாட்டுவேன். மறைப்பதில் என்ன இருக்கிறது, நான் அதற்காகத்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

கொஞ்ச நாளில் அவள் என் செருப்புச் சத்தம் கேட்டாலே தன் ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சகலை தேநீருக்கு வருவது குறைந்தது.

ஒரு நாள் நான் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் மனைவி, என் மனைவியின் அக்கா, அடுப்படியில் இருந்து வந்து நின்றார். "தம்பி, பிள்ளையக் கொஞ்சம் எங்களுக்கும் வச்சிட்டுப் போங்க. அவுங்க நேத்து வந்து, பிள்ள எங்கன்னு கேட்டுட்டு, டீ குடிக்காமயே போயிட்டாங்க."

"நான் இருக்கிறதே கொஞ்ச நாள்தான லாத்தா."

"அது தெரியும் தம்பி. நீங்க போனப்புறம் அவுங்கதான இருக்காங்கன்னு நீங்க நினைக்கிறிய. நீங்க ஒருநா மொத்தமா வந்திருவிய. அன்னைக்கு அவுங்களுக்கு யாரு?"

அப்படி ஒரு நாளைச் சகலை எண்ணிப் பயந்துகொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று நான் வெளியே போகவில்லை. அவர் வந்தார். பிள்ளையைத் தூக்கிப்போட்டுப் பிடித்தார். அவள் கூச்சலிட்டுச் சிரித்தாள். இரக்கத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்திலேயே, என்னிடம் இவள் இப்படிச் சிரித்திருக்கிறாளா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். எழுந்து பள்ளிவாசலுக்குப் போனேன்.

மறுநாளில் இருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் என்று நாங்களாகவே ஆக்கிக்கொண்டோம். பேசி வைத்துக்கொள்ளவில்லை. தன் நாளில் அவர் பிள்ளையோடு வீட்டுக்குள்ளேயே விளையாடினார், ஷூவைத் தொடவில்லை. என் நாளில் கடையிலேயே இருந்துகொண்டார்.

நான் திரும்பிப் போன அன்று திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போக வாசலில் கார் வந்தது. சகலைதான் பெட்டியை ஏற்றினார். பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கார் ஜன்னலருகே வந்தார். அவள் என்னை உள்ளே பார்த்ததும் தன்னையும் கூட்டிப்போகிறேன் என்று நினைத்துவிட்டாள். கார் நகர்ந்ததும் வீறிட்டு, அவர் கையில் இருந்து என் பக்கமாகச் சரிந்தாள். அவர் அவளைத் தோளில் போட்டுத் தட்டினார். சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். அவள் அதைத் தட்டிவிட்டாள். எதற்கும் அடங்கவில்லை. தெருமுனை திரும்பும்வரை, அவர் என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றதைப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தேன்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓட்டுநரிடம் பாட்டுப் போடச் சொன்னேன். சாத்தான்குளம் தாண்டும்வரை அந்தச் சந்தோஷம் இருந்தது. அதற்குப் பிறகுதான், அவள் இன்னும் அழுதுகொண்டிருக்கலாம் என்பது உறைத்தது. கைபேசியை எடுத்தேன். மனைவியை விட்டுவிட்டு சகலையைத்தான் கூப்பிட்டேன்.

"இப்பத்தான் தம்பி, தோள்லயே தூங்கிட்டா" என்றார் மெதுவான குரலில். "பேசாதிய, முழிச்சிருவா."