ஆளுக்கு ஒரு ஸ்பீக்கர்

நல்லம்பள்ளியில் எங்கள் வீடு பாகம் பிரிந்ததற்குக் காரணம் புளியந்தோப்பும் இல்லை, கிணறும் இல்லை. ஒரு பாட்டுப் பெட்டி. எண்பதுகளின் நடுவில் அண்ணனும் நானும் சேர்ந்து பெங்களூர் போய் வாங்கி வந்த ஸ்டீரியோ அது. கேசட் போடும் பெட்டி ஒன்று, தனியாகக் கழற்றி வைக்கிற ஸ்பீக்கர் இரண்டு, கூடவே ஒரு ஹெட்போன்.

அண்ணனுக்குக் கதை வசன கேசட் என்றால் உயிர். ஒரு முழு சினிமாவையும் காதாலேயே பார்த்துவிடுவார். "சினிமான்னா நம்மளச் சுத்தி நடக்கணும்டா. குதிர நம்ம முதுகுக்குப் பின்னால ஓடியாரணும்" என்று ஒரு ஸ்பீக்கரைத் தன் நாற்காலிக்குப் பின்னால் வைப்பார். எனக்குப் பாட்டுதான் எல்லாம். எந்தப் பாடகராவது நம் முதுகுக்குப் பின்னால் நின்று பாடுவாரா? நான் இரண்டையும் முன்னால் இழுத்து வைப்பேன். அவர் மறுபடி பின்னால் கொண்டுபோவார். இழுத்து இழுத்து ஒரு நாள் வயர் பிய்ந்தது. பேச்சு முற்றி, கடைசியில் வீட்டுக்கு நடுவில் சுவரே எழும்பிவிட்டது.

பாகம் பிரிக்க வந்தவர் எங்கள் தாய்மாமன். ஆட்டுக்கல்லில்கூடக் கல்லை அண்ணனுக்கும் குழவியை எனக்கும் கொடுத்த நியாயவான். ஸ்டீரியோவைப் பார்த்ததும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"ஸ்பீக்கரு ரெண்டு, ஆளு ரெண்டு பேரு. இதுல என்னப்பா வம்பு?"

பெட்டியை மட்டும் வெட்ட முடியாது. அதனால் நடுச்சுவரில் ஓட்டை விட்டு அதில் வைக்கச் சொன்னார். பட்டன் உள்ள முகம் ஒரு வாரம் அண்ணன் பக்கம், ஒரு வாரம் என் பக்கம். திங்கட்கிழமை காலையில் திருப்பிக்கொள்ள வேண்டும். பட்டன் எந்தப் பக்கமோ ஹெட்போனும் அந்தப் பக்கம். இதை எழுதி எங்கள் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்.

ஜோடிப் பாட்டு போட்டபோதுதான் வினை தெரிந்தது. எங்களிடம் இருந்த கேசட்டுகளில் பெண் குரல் ஒரு ஸ்பீக்கரிலும் ஆண் குரல் மற்றதிலும் வரும். என் வீட்டில் அவள் கொஞ்சிக் கொஞ்சிக் கேட்பாள். பதில் அண்ணன் வீட்டில் கிடைக்கும். அண்ணனுடைய கேசட்டிலோ வில்லன் அங்கே சவால் விட்டுவிட்டு இங்கே என் சமையலறையில் வந்து அறை வாங்குவான். முழுதாகக் கேட்டவர்கள் தெருக்காரர்கள்தான். இரண்டு வாசலுக்கும் நடுவில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "சத்தத்தக் கொஞ்சம் கூட்டுங்கப்பா" என்று அதிகாரம் வேறு.

பாதிப் பாட்டைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அண்ணன் பேசாததைத்தான் பொறுக்க முடியவில்லை. சுவர் எழும்பிய நாளிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. சந்தையில் எதிரே வந்தால் என்னை விட்டுவிட்டு வெங்காயத்தைப் பார்ப்பார். எனக்கும் வீம்பு. கல்யாணமாகாதவன், தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு கிடந்தேன். அவர் ஒரு தடவை "டேய்" என்று கூப்பிட்டிருந்தால் போதும், ஓடியிருப்பேன்.

என் முறை வாரங்களில் ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். பாட்டு முழுசாக வரும், ஆனால் எதிரில் இல்லை, மண்டைக்குள். வாத்தியக்காரர்கள் அத்தனை பேரும் மூளைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டால் மனுஷன் எப்படி ரசிப்பது? போதாததற்கு, ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் இரண்டும் ஊமையாகிவிடும். அண்ணன் கோபத்தில் சுவரை இடிப்பார். அவர் என்னோடு பேசுவதாக நினைத்துக்கொள்வேன். அதற்காகவே வேண்டுமென்று செருகியதும் உண்டு.

ஒரு வாரம் அண்ணன் முறை. எனக்குக் காய்ச்சல், சுவரோரம் படுத்திருந்தேன். பழிக்குப் பழியாகவோ என்னவோ, அன்று சாயங்காலம் அவரும் முதல் முறையாக ஹெட்போனை மாட்டினார். என் ஸ்பீக்கர் அடங்கிப் போனது. சுவரை இடிக்க எனக்குத் தெம்பு இல்லை. சற்று நேரம் கழித்து அவர் அண்ணியிடம் ரகசியமாக ஏதோ கேட்டார். ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் குரல் எவ்வளவு பெரிது என்று தெரியாதே. தெருக்கோடி வரை கேட்டது.

"ஏம்புள்ள, அவன் ஏன் இன்னும் செவுத்த இடிக்கல? ஒடம்பு கிடம்பு சரியில்லையா? கஞ்சி வெச்சுக் குடுத்துட்டு வா. நான் சொன்னன்னு சொல்லிராத!"

தெருவில் கட்டில் போட்டிருந்தவர்கள் என் வாசலை எட்டிப் பார்த்தார்கள். நான் இருக்கிற தெம்பையெல்லாம் திரட்டி, "நல்லாத்தான் இருக்கறண்ணா!" என்று கத்தினேன். அவருக்கு எங்கே கேட்கும்? அவரைச் சுற்றிக் குதிரை ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணி கஞ்சியோடு வந்தார்.

"கேட்டுதுங்களா தம்பி?"

"கேட்டுதுங்க அண்ணி."

"அவருகிட்ட சொல்லிராதீங்க. தெரிஞ்சா அப்பறம் அந்த ஹெட்போன மாட்டவே மாட்டாரு. தெனமும் உங்களப் பத்திக் கேக்கறாரு, மெதுவாக் கேக்கறாரு, அவ்ளோதான்."

திங்கட்கிழமை என் முறை வந்தது. காய்ச்சல் விட்டிருந்தது. எழுந்து போய்ப் பெட்டியின் மேல் கையை வைத்தேன். திருப்பவில்லை. ஹெட்போன் அண்ணன் பக்கமே கிடக்கட்டும் என்று சுவரோரம் வந்து உட்கார்ந்துகொண்டேன்.